'அவங்க' என்று தொடங்கி 'வந்தான்' என்று முடிக்காமல் இருக்க

மதுரையில் இருபது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம், திருநங்கை அக்கா ஒருவர் ஜாக்கெட் வாங்க வந்து வாசலில் நின்றார். நான் உள்ளே இருந்த பையனிடம், "அவன் துணி முடிஞ்சதா பாரு" என்று சொல்லிவிட்டேன். அவர் எதுவும் பேசவில்லை. அளவு ஜாக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகும் வரவில்லை. அதற்கு அப்புறம் நான் பழகிக்கொண்டதை எழுதுகிறேன்.

தமிழில் 'அவன்' என்பதை 'அவங்க' என்று மாற்றினால் மட்டும் போதாது. வாக்கியம் முடியும் இடத்தில்தான் நாக்கு பழைய பக்கம் ஓடும். அதனால் ஆள் இல்லாதபோதே பழகுங்கள். கொக்கி தைக்கும்போது நான் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன்: "அக்கா வந்தாங்க, அளவு குடுத்தாங்க, நாளைக்கு வருவாங்க."

புதிதாக வருபவருக்கு 'அவங்க, வந்தாங்க' யாருக்கும் பொருந்தும். முகம் பழகிய பின் தனியாகக் கேளுங்கள்: "உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?" நாலு பேர் முன்னால் கேட்க வேண்டாம். சட்டை தைக்க வந்த திருநம்பி ஒருவர், "அண்ணேனு கூப்பிடுங்க" என்றார். இன்னொருவர், அண்ணன் அக்கா எதுவும் வேண்டாம், பெயர் சொன்னால் போதும் என்றார். சரி, அப்படியே கூப்பிடுகிறேன்.

'அது' மட்டும் வேண்டவே வேண்டாம். நம் பக்கம் வீட்டுப் பிள்ளையை "அது வந்துச்சு" என்று பாசமாகச் சொல்வோம். தெருவில் ஏளனமாக அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவருக்கு அது பாசமாகப் படாது. தொல்காப்பியமே இவர்களை உயர்திணையில்தான் சேர்க்கிறது.

"ஆபரேஷன் ஆச்சா?" என்றும் கேட்காதீர்கள். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை அவரவருக்கு உண்டு, அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்றே சொல்லிவிட்டது. 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. கல்யாண ஜாக்கெட் தைக்க வந்தால், நோட்டில் 'மணப்பெண்' என்றே எழுதுகிறேன்.

அளவு நோட்டில் பழைய பெயரை அடித்து மேலே எழுதாமல் புதுப் பக்கம் போடுங்கள். ஆனால் ஒன்று, வீட்டுக்குப் போன் செய்யும் முன், "வேற யாராச்சும் எடுத்தா என்ன பேர் சொல்லட்டும்?" என்று கேட்டுவையுங்கள். சில வீடுகளுக்கு இன்னும் தெரியாது. நல்லது செய்வதாக நினைத்து நாம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. அடி விழுவது அவர் மேல்.

வாய் தவறினால் அப்போதே திருத்தி, ஒருமுறை மன்னிப்புக் கேட்டு, பேச்சைத் தொடருங்கள். அழுது புலம்பினால் அவர் நம்மைத் தேற்ற வேண்டி வரும். பக்கத்தில் நிற்பவர் "அவன் எப்ப வந்தான்?" என்றால், நான் குரலை உயர்த்துவதில்லை. "அவங்களா? காலையிலயே வந்துட்டாங்க" என்பேன். இப்போது கடைப் பையனும் அப்படித்தான் பதில் சொல்கிறான்.