ரோமானியச் சாலையைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் வயல்வெளிகளில் ரோமானியச் சாலையைப் பார்க்கப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் பலர். அவர்கள் தேடுவது கல் தளம். ரோம் நகருக்கு வெளியே ஆப்பியன் சாலையில் பதித்த பெரிய பாளங்களைப் படத்தில் பார்த்த கண் எங்கும் அதையே எதிர்பார்க்கிறது. பிரிட்டனில் ஊருக்கு வெளியே ஓடிய சாலைகள் பெரும்பாலும் சரளை, சுண்ணப்பாறைத் துண்டு, சிக்கிமுக்கிக் கல் என்று அங்கங்கே கிடைத்ததைக் கொட்டி இறுக்கியவை. பல இடங்களில் மேல்தளம் போய்விட்டது. அதைத் தாங்கிய மேடுதான் மிச்சம்.

அந்த மேட்டைப் பார்க்க டார்செட்டிலுள்ள ஆக்லிங் டைக் என்ற ரோமானியச் சாலைக்குப் போங்கள். புல் மூடிய ஏரிக்கரைபோல வெகுதூரம் நீள்கிறது; சில இடங்களில் ஒன்றரை மீட்டர் உயரம். ஓக்லி டவுனில் அது வெண்கலக் காலத்து வட்டப் புதைமேடு ஒன்றின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. சாலையைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்த புதைமேடு அது. பாதை போட்டவர்கள் அதற்காகத் தங்கள் நேர்கோட்டைவிட்டு விலகவில்லை. அந்த இடத்தில் நின்றால் மனம் கனத்துப்போகும். உச்சிவெயிலில் மட்டும் போகாதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் விழும்போதுதான் தேய்ந்த மேடும் பக்கப் பள்ளமும் நிழலில் எழுந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பென்னைன் மலையில் பிளாக்ஸ்டோன் எட்ஜில் நடுவில் பள்ளக்கோடு ஓடும் அழகான கல் பாதை இருக்கிறது. நெடுங்காலம் ரோமானியம் என்றே சொல்லிவந்தார்கள். 18ஆம் நூற்றாண்டுச் சுங்கச் சாலை என்பதே இன்று பலருடைய முடிவு.

நேராக இருப்பதெல்லாம் ரோமானியமும் அல்ல. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலத்தைப் பிரித்து வேலியிட்டபோதும் நேர்சாலைகள் போட்டார்கள். லண்டனிலிருந்து சிச்செஸ்டர் போகும் ஸ்டேன் ஸ்ட்ரீட் என்ற ரோமானியச் சாலையோ சிச்செஸ்டரைக் குறிவைத்தே கிளம்புகிறது. ஆனால் யூவெல் என்ற ஊருக்கு அருகே திசை மாறி, குன்றுகளுக்கு ஏற்பத் துண்டு துண்டாக நேர்கோடுகளில் போகிறது.

உலோகம் கண்டறியும் கருவியைக் கையில் எடுத்துப் போவதுதான் பெரிய தவறு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்தில் அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தளத்துக்கு அடியில் கிடக்கும் ஒரு நாணயம், சாலை எந்த ஆண்டுக்குப் பிறகு போடப்பட்டது என்று சொல்லும். தோண்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டால் அது வெறும் செம்புத் துண்டு. மண்ணுக்கு மேலே தற்செயலாக ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தைக் குறித்துப் படம் எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதியின் தொல்லியல் அலுவலரிடம் சொல்லுங்கள்.