இருமொழிப் படத்தை விழாத் திரைக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி

பாலக்காட்டின் தமிழக எல்லையோரத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கம் எடுக்கப்படும் சுயாதீனப் படங்களில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகும். அந்தப் பேச்சை மழுப்பாமல் திரைப்பட விழாத் திரைவரை கொண்டுபோக வேண்டும் என்றால், கவனிக்க வேண்டியவை இவை.

எடிட்டிங் முடிந்ததும் படத்தை யூடியூபில் ஏற்றாதீர்கள். டிக்கெட் போட்டு ஊரில் காட்டவும் வேண்டாம். நடிகர்களுக்கும் குழுவுக்கும் மட்டும் வாசகசாலையில் போட்டுக்காட்டினால் போதும். உலகின் முதல் திரையிடல் ஒரு படத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வென்ற ‘கூழாங்கல்’ என்ற தமிழ்ப் படம் அங்கேதான் முதலில் திரையேறியது. சில போட்டிகள் உலக முதல் திரையிடலையே கேட்கும்; சில, சொந்த நாட்டில் காட்டியிருந்தாலும் ஏற்கும். விதிமுறையில் அந்த வரியைத் தேடிப் படித்த பிறகே, கோவா விழா (நவம்பர்), திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவான ஐ.எஃப்.எஃப்.கே. (டிசம்பர்), ராட்டர்டாம் (ஜனவரி இறுதி) ஆகியவற்றில் எது முதலில் என்று முடிவெடுங்கள். குறும்படம், ஆவணப்படம் என்றால் கேரளத்தில் அவற்றுக்கென்றே ஐ.டி.எஸ்.எஃப்.எஃப்.கே. தனியாக நடக்கிறது.

விண்ணப்பத்தில் ‘மொழி’ என்ற கட்டத்தை அவசரமாக நிரப்பாதீர்கள். ஐ.எஃப்.எஃப்.கே.யில் மலையாளப் படங்களுக்குத் தனிப் பிரிவு. மற்ற இந்திய மொழிகளுக்கு வேறு பிரிவு. எந்த மொழி வசனம் அதிகமோ அதை முதலில் எழுதி, மற்றதை அடுத்து எழுதுங்கள். எல்லா விண்ணப்பங்களிலும் அதே வரிசை இருக்கட்டும்.

அதிகம் உழைக்க வேண்டிய இடம் ஆங்கில சப்டைட்டில். தேர்வுக்குழு படத்தைப் புரிந்துகொள்வது அதன் வழியாகத்தான். கேரளத்தில் புரியும் என்று மலையாள வசனங்களை மொழிபெயர்க்காமல் விடுவது பெரிய தவறு; வெளிநாட்டில் அந்தக் காட்சி ஊமையாகிவிடும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு 42 எழுத்து, வினாடிக்கு ஏறக்குறைய 17 எழுத்து, அதுவே எல்லை. இரண்டு வினாடி வசனத்துக்கு 34 எழுத்துதான் கிடைக்கும் என்பதால் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முடியாது. காட்சிக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். தமிழக-கேரள எல்லையில் உள்ள வாளையார் சோதனைச் சாவடியில் அதிகாரி மலையாளத்தில் கேட்க, லாரி ஓட்டுநர் தமிழில் பதில் சொல்கிறார் என்றால், அந்த மொழி மாற்றமே காட்சியின் பொருள். அப்போது ஒரு மொழியைச் சாய்வெழுத்தில் காட்டுங்கள். அண்ணன், சேட்டன் போன்ற உறவுச் சொற்களை ஆங்கிலமாக்காமல் அப்படியே விடுவது நல்லது. யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பது பார்வையாளருக்குச் சீக்கிரமே பழகிவிடும். சப்டைட்டில் பதியாத சுத்தப் பிரதி ஒன்றையும் எடுத்துவையுங்கள். பிற மொழி விழாக்கள் கேட்கும்.

டீக்கடைக் காட்சியில் பின்னால் சினிமாப் பாட்டு ஓடினால் உரிமைச் சிக்கல் வரும். படப்பிடிப்பின்போதே கடைக்காரரிடம் சொல்லி நிறுத்திவிட்டு, கடைச் சத்தத்தைத் தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தேர்வானதும் டிசிபி, அதாவது திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி, செய்ய வேண்டும். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் போதும். படம் வினாடிக்கு 24 பிரேமில் இருப்பது பாதுகாப்பு. 23.976இல் எடுத்ததை ஒலியைச் சரிசெய்யாமல் 24ஆக்கினால் 100 நிமிடப் படத்தின் கடைசியில் ஒலியும் உதடும் ஏறக்குறைய 6 வினாடி விலகி நிற்கும். 25 பிரேமை 24ஆக மெதுவாக்கினால் அதே 100 நிமிடப் படம் 4 நிமிடத்துக்குச் சற்று மேல் நீளும். விண்ணப்பத்தில் எழுதிய நீளமும் மாறும். சட்டகம் பிளாட் என்றால் 1998×1080, அதைவிட அகலமான ஸ்கோப் என்றால் 2048×858 பிக்சல். ஸ்கோப் படத்தைப் பிளாட் சட்டகத்துக்குள் வைத்து, அதை ஸ்கோப் திரையில் பிளாட் அமைப்பில் ஓட்டினால் நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும். வசனத்தை நடு ஒலிபெருக்கிக்கு அனுப்புங்கள். இடது, வலதில் மட்டும் விட்டால் ஓரத்து இருக்கைக்காரருக்கு வசனம் சுவரிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

100 நிமிடப் படத்தின் டிசிபி வினாடிக்கு 125 மெகாபிட் வேகத்தில் ஏறக்குறைய 100 ஜிபி வரும். வீட்டு இணைய இணைப்பின் பதிவேற்ற வேகம் வினாடிக்கு 10 மெகாபிட் என்றால் 22 மணி நேரமாவது ஆகும். நடுவில் மின்சாரம் போனால் இன்னும் தாமதம். ஹார்ட் டிஸ்க்கில் அனுப்புவதானால் எக்ஸ்ட்2 அல்லது எக்ஸ்ட்3 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. அனுப்புமுன் பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ ஒரு தியேட்டர் ஆபரேட்டரிடம் கேட்டு, காலைக் காட்சிக்கு முன் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அதிகம் இருண்ட காட்சியையும் அதிகம் சத்தமான காட்சியையும் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் போதும்.

தணிக்கைச் சான்றிதழ் இல்லாவிட்டால், விழாக்குழு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்கும். அதற்கான கதைச்சுருக்கத்தைக் கேட்ட நாளிலேயே கொடுங்கள். அந்த விலக்கு விழாத் திரையிடலுக்கு மட்டும்தான் செல்லும். அதை வைத்து ஊரில் பொதுக்காட்சி நடத்த முடியாது.

திருவனந்தபுரத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். கைரளி, ஸ்ரீ, நிளா திரையரங்குகள் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. படத்தின் பிரதியோடு இரண்டாவது டிஸ்க் ஒன்று கையில் இருக்கட்டும். திரையிடலுக்குப் பின் நடக்கும் கேள்வி பதிலில் தமிழில் நிதானமாகப் பேசுங்கள். அரங்கில் பெரும்பாலோருக்குப் புரியும், புரியாதவர்களுக்கு மொழிபெயர்க்க ஒருவரை முன்கூட்டியே விழாக்குழுவிடம் கேட்டுவையுங்கள்.