கோழிக்குக் கால் சொறியா? பாதியில் மருந்தை நிறுத்தாதீர்கள்

நல்ல நாட்டுக்கோழியின் கால், ஓடு வேய்ந்த கூரை மாதிரி இருக்கும். செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, விரலால் தடவினால் வழுவழுப்பாக வழுக்கும். அந்தச் செதில் நுனிகள் லேசாகத் தூக்கிக்கொண்டு, இடுக்கில் சுண்ணாம்புப் பொடி தூவியது போல வெள்ளையாகத் தெரிந்தால் அது செதில்கால் நோயின் தொடக்கம். பெரும்பாலும் விரல்களிலும் கணுக்காலின் கீழ்ப்பகுதியிலும் ஆரம்பித்து மேலே ஏறும். விட்டுவிட்டால் கால் இரண்டு மடங்கு பருத்து, கரடுமுரடான பொருக்கு கட்டும். உதிர்ந்த பொருக்கு ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள், உள்ளே தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். உண்ணி குடைந்த வழி அது.

இதைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஓர் உண்ணி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கோழிப்பேன் போல இறகில் ஓடாது, செதிலுக்கு அடியில் தோலைக் குடைந்து அங்கேயே வாழ்ந்து அங்கேயே பெருகும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதனால்தான் இரண்டு நாள் எண்ணெய் தடவிவிட்டு நிறுத்தினால் ஒரு மாதத்தில் திரும்ப வந்து நிற்கிறது. சாம்பல் குளியலும் இதற்கு உதவாது. அது உடம்பில் இருக்கும் பேனுக்கு நல்லது, செதிலுக்குள் புகாது.

வைத்தியத்தை இருட்டியபின் வைத்துக்கொள்ளுங்கள். அடைந்த கோழியைத் துரத்தாமல் பிடிக்கலாம். ஒருவர் துண்டில் சுற்றி மடியில் பிடிக்க, இன்னொருவர் காலைப் பார்க்க வேண்டும். அடையாளத்துக்காகக் காலில் கயிறோ வளையமோ போட்டிருந்தால் முதலில் வெட்டி எடுங்கள். கால் வீங்கும்போது அது சதையை இறுக்கி ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும், விரலே போய்விடலாம்.

கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்து, ஒரு சிறு கரண்டி ஷாம்பு கலந்து, கால்களை 10 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பழைய மென்மையான டூத் பிரஷ்ஷால் மேலிருந்து விரல் பக்கமாகத் தேயுங்கள். தானாக வருவது மட்டும் வரட்டும். பொருக்கை நகத்தால் பெயர்த்தால் அடியில் ரத்தம் கசியும், அந்தப் புண்ணில் சீழ் பிடிக்கும். உரிக்க வேண்டிய வேலையே இல்லை, எண்ணெயில் ஊறி நாளடைவில் அதுவே கழன்றுவிடும்.

ஈரம் போகத் துடைத்தபின் மருந்து. 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 20 மில்லி வேப்பெண்ணெய் கலந்து வைத்துக்கொள்ளலாம். வாசலினும் போதும். பொருக்கு கனமாக இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் 10 சதவீத சல்ஃபர் களிம்பு இன்னும் நல்லது. விரலிலிருந்து மேல்நோக்கி, செதில் இடுக்கில் இறங்கும்படி அழுத்தித் தடவுங்கள். எண்ணெய் உண்ணியை மூச்சுமுட்ட வைப்பதோடு பொருக்கையும் இளக்கும். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு முறை, நான்கு வாரம் முடியும்வரை. நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: பத்தே நாளில் கால் மென்மையாகிவிடும், கோழி நொண்டாமல் நடக்கும், கை தானாக நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நான்கு வாரம் முடிந்தும் செதில் கோணல்மாணலாகத் தெரிவதைப் பார்த்துப் பயந்து கடுமையான மருந்துக்குத் தாவுவது. சேதமான செதில் உதிர்ந்து புதுச்செதில் வரப் பல மாதம் பிடிக்கும். புதிதாக வெள்ளைப்பொடி சேரவில்லை, பொருக்கு வளரவில்லை என்றால் உண்ணி செத்துவிட்டது என்று அர்த்தம்.

மண்ணெண்ணெய், டீசல், வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில் இவற்றைத் தயவுசெய்து தொடாதீர்கள். உண்ணி சாகும்தான், ஆனால் தோலும் வெந்துபோகும். கோழி காலைக் கொத்தும்போது அது வயிற்றுக்குள்ளும் போகும்.

அடைக்கோழிக்கு இன்னொரு கவனம். காலில் தடவிய எண்ணெய் முட்டையில் ஒட்டினால் ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு உள்ளே கரு இறந்துவிடும். அதனால் அடை வைக்கும் முன்பே காலைச் சோதித்துக் குணப்படுத்துங்கள். நோயோடு அடை உட்கார்ந்தால் குஞ்சுகளுக்கும் தாயிடமிருந்து தொற்றும்.

நொண்டல் நிற்கவில்லை, பல கோழிகளுக்குப் பரவிவிட்டது என்றால் ஐவர்மெக்டின் என்ற உண்ணிக்கொல்லி மருந்து தேவைப்படலாம். அதை மாட்டுக்கு வாங்கிய புட்டியிலிருந்து கைக்கணக்கில் கொடுக்காதீர்கள். பொதுவாகச் சொல்லப்படும் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ கோழிக்கு 1 சதவீத ஊசிமருந்தில் அது 0.03 மில்லிதான், ஒரு சொட்டுக்கும் குறைவு. கால்நடை மருத்துவரே அளந்து கொடுக்கட்டும், எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக்கூடாது என்பதையும் அவரிடமே கேளுங்கள். பாதத்தின் அடியில் கறுப்புத் தழும்போடு வீங்கியிருந்தால் அது உண்ணி அல்ல, ஆணிப்புண். அதற்கு வைத்தியமே வேறு.

ஒரு கோழிக்குத் தெரிந்தால், அதோடு சேர்ந்து அடையும் எல்லாக் கோழிக்கும் எண்ணெய் போடுங்கள். ராத்திரி ஒட்டி உட்காரும்போதுதான் இது மெதுவாகத் தொற்றுகிறது. கோழி அடையும் கட்டை மூங்கில் கம்பாக இருந்தால் வெடிப்பும் கணுவும் உள்ளதைக் கழித்துவிட்டுப் புதுசு வையுங்கள். மரமாக இருந்தால் சுரண்டித் தேய்த்து, வெயிலில் காயவைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். பஞ்சாரத்தில் கொதிநீர் ஊற்றி நன்றாகக் காயப்போடுங்கள். கூட்டில் உதிர்ந்து கிடக்கும் பொருக்கைப் பழைய உமியோடு கூட்டி எரித்துவிடுங்கள்.

சந்தையில் வாங்கிய கோழியை ஒரு மாதம் தனியாக அடையுங்கள். கொச்சின், சில்கி போல காலில் இறகுள்ள இனங்களில் நோய் மறைந்திருக்கும், இறகை விலக்கிப் பார்க்க வேண்டும். மற்றபடி மாதம் ஒருமுறை, அடைந்தபின் டார்ச் அடித்துக் கால்களைத் தடவிப் பாருங்கள். வயதான கோழிகளிலிருந்து தொடங்குங்கள், அவற்றுக்குத்தான் முதலில் தெரியும்.