விளையாட்டு, ஓய்வுநேரத் துறையில் முதுகலை: பாடங்களைக் கடைசி செமஸ்டரிலிருந்து திட்டமிடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கமுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து அமெரிக்காவுக்கு முதுகலை படிக்கப் போனபோது, எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுப்பது என்று தமிழில் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. படிப்பை முடித்துத் திரும்பிவிட்டேன். இப்போது தமிழ்ப்பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களும், விளையாட்டு அறிவியல் முடித்த தம்பி தங்கைகளும் புலனத்தில் (வாட்ஸ்அப்) அதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது.

டோஃபல், விண்ணப்பக் கட்டுரை, விசா நேர்காணல் எதையும் இதில் எழுதப் போவதில்லை. அவற்றுக்குக் கோலாலம்பூரில் உள்ள மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தில் ஆலோசனை கிடைக்கும். இடம் கிடைத்துவிட்டது, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். முதல் படி மட்டும் இன்னும் விண்ணப்பிக்காதவர்களுக்கு.

முதல் படி: துறையின் பெயர்

‘ஸ்போர்ட் அண்ட் லெஷர் ஸ்டடீஸ்’ என்று மட்டும் தேடினால் பாதி இடங்கள் கண்ணில் படாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கு ‘ரெக்ரியேஷன், ஸ்போர்ட் அண்ட் டூரிசம்’ என்று பெயர். பென் ஸ்டேட்டில் ‘ரெக்ரியேஷன், பார்க் அண்ட் டூரிசம் மேனேஜ்மென்ட்’. வேறு சில இடங்களில் கினீசியாலஜி (உடல் இயக்க அறிவியல்) துறைக்குள் ஒரு பிரிவாக இருக்கும். எல்லாப் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் விளையாட்டு அறிவியல் பட்டத்தில் உடற்கூறும் உடலியக்கவியலும் அதிகம். ஓய்வுநேர ஆய்வு என்பது சமூக அறிவியல். வேலை முடிந்த பிறகு மனிதர்கள் தங்கள் நேரத்தை என்ன செய்கிறார்கள், யாருக்கு அந்த நேரமே கிடைப்பதில்லை என்பதுதான் அங்கே பேச்சு. தசை நார்களின் பெயரெல்லாம் தெரிந்தவர்களும் அங்கே சமூகவியலைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: கையில் ஒரு கேள்வியோடு போங்கள்

விருப்பப் பாடங்களின் பட்டியலைத் திறந்தால் எல்லாமே நன்றாக இருக்கும். விளையாட்டுச் சந்தைப்படுத்தல், நிகழ்ச்சி மேலாண்மை, இளைஞர் மேம்பாடு, பூங்கா நிர்வாகம் என்று தலைப்பைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தால் கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டாது. கேள்வி முதலில், பாடம் அப்புறம்.

கேள்விக்காக வெகுதூரம் போக வேண்டாம். சாயங்காலம் தோட்டத்துத் திடலைப் போய்ப் பாருங்கள். பையன்கள் பந்து விளையாடுவார்கள். படிவம் மூன்றைத் தாண்டிய பெண்பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஓய்வுநேரத்துக்கு வரும் தடைகளை க்ராஃபர்ட், காட்பி என்ற இரு ஆய்வாளர்கள் 1987-இல் மூன்றாகப் பிரித்தார்கள். மனத்துக்குள் இருப்பது, மற்றவர்களோடு உள்ள உறவில் வருவது, சூழலில் இருப்பது. அரைக்கால் சட்டை போடக் கூச்சப்படுவது முதல் வகை. கூட வரத் தோழி இல்லாதது, அண்ணன் ‘எதுக்கு’ என்று கேட்பது இரண்டாவது. திடலில் விளக்கு இல்லாதது மூன்றாவது. இந்தச் சட்டகத்தைப் படித்தபோது எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். என் ஆய்வேடு அங்கேதான் தொடங்கியது.

திடல் என்பது தோட்டத்தின் சொத்து என்பதையும் மறக்காதீர்கள். தோட்டம் கைமாறினால் திடலும் கைமாறும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில்தான், 1960-இல், நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நில உடைமைக்கும் விளையாட்டுக்கும் உள்ள தொடர்பை எழுத நம் பிள்ளைகளைவிடத் தகுதியானவர் யார்?

மூன்றாம் படி: எண்கள்

முதுகலைக்குப் பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட். முழுநேர மாணவர் என்றால் பல பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டருக்கு 9 கிரெடிட், அதாவது மூன்று பாடம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி இல்லாமல் இதற்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு பாடம் கனமாக இருக்கிறது என்று தானாகவே விலகிவிட்டால், அது மதிப்பெண் விஷயமாக நிற்காது, விசாவையே பாதிக்கும். விலகுவதற்கு முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.-வைப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: கடைசியிலிருந்து முதலுக்கு

இங்கேதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. நிதானமாகப் படியுங்கள்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: முதல் ஆகஸ்ட், முதல் ஜனவரி, இரண்டாம் ஆகஸ்ட், இரண்டாம் ஜனவரி. நான்காவது கட்டத்தில் ஆய்வேட்டுத் தேர்வை எழுதுங்கள். அப்படியே பின்னால் வாருங்கள். மூன்றாவது கட்டத்தில் தரவுகளை அலசி எழுதத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் இடையில் வரும் நீண்ட விடுமுறையில், மே முதல் ஆகஸ்டுக்குள், ஊருக்கு வந்து நேர்காணல்களை முடித்திருக்க வேண்டும். அதற்கு மே மாதத்துக்குள், மனிதர்களிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும். ஒப்புதலுக்கு ஆய்வு முன்மொழிவு வேண்டும். முன்மொழிவை எழுதக் கற்றுத் தருவது ஆய்வு முறையியல் பாடம். அதை எடுக்கப் புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும். ஆக, முதல் ஆகஸ்டில் புள்ளியியல், முதல் ஜனவரியில் முறையியல். மற்ற பாடங்கள் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

பல துறைகளில் முறையியல் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். அதைத் தவறவிட்டால் ஒரு முழு வருடம் தள்ளிப்போகும். ஐ-20-இல் உள்ள முடிவுத் தேதி தானாகத் தள்ளிப்போகாது. அதனால் அடுத்த வருடப் பாடங்களை மட்டும் பார்க்காமல், கடந்த இரண்டு வருட கால அட்டவணையையும் துறை இணையத்தளத்தில் தேடி எடுங்கள். எந்தப் பாடம் எந்த மாதத்தில் வருகிறது என்று அதில் பிடிபட்டுவிடும்.

அடுத்த முடிச்சு, முன்தகுதிப் பாடம். இளங்கலையில் நான் புள்ளியியல் படித்திருந்தேன். ஆனால் மதிப்பெண் பட்டியலில் இருந்தது மலாயில் ஒரே ஒரு வரி, ‘ஸ்தாதிஸ்திக் சுக்கான்’ (விளையாட்டுப் புள்ளியியல்), பக்கத்தில் ஒரு கிரேடு. அதற்குள் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று அமெரிக்கப் பேராசிரியருக்கு எப்படித் தெரியும்? ‘முதலில் இளங்கலைப் புள்ளியியல் ஒன்றை முடியுங்கள்’ என்று பதில் வந்தது. ஒத்துக்கொண்டிருந்தால் மேலே சொன்ன சங்கிலி முழுவதும் ஒரு கட்டம் நகர்ந்திருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தின் புரோஃபோர்மாவை, அதாவது விரிவான பாட விவரத் தாளை, கேட்டு வாங்குங்கள். மூன்று வரிச் சுருக்கம் போதாது. வாராவாரம் என்ன தலைப்பு, எந்த மென்பொருள், எத்தனை மணி நேரம் என்று இருக்கும் பக்கங்கள் வேண்டும். சான்றளித்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்குங்கள். மின்னஞ்சலில் வெறுமனே இணைத்து அனுப்பாமல், ‘ஆறாம் வாரம் டி-டெஸ்ட், ஒன்பதாம் வாரம் ரிக்ரெஷன்’ என்று நீங்களே சுட்டிக் காட்டுங்கள். எனக்கு அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு விலக்கு கிடைத்தது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே இதை முடித்துவிடுங்கள். அங்கே போய் இறங்கியபின் இங்குள்ள அலுவலகத்தில் ஒரு தாள் வாங்குவது பெரும்பாடு.

ஐந்தாம் படி: இணையவழிப் பாடமும் களப்பயிற்சியும்

எஃப்-1 மாணவருக்கு முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு இணையவழிப் பாடம், அதாவது 3 கிரெடிட்தான் சேரும். இந்தத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்காக இணையவழி வகுப்புகள் நிறைய நடத்துவார்கள். பதிவுசெய்யும்போது வகுப்பின் பெயருக்கு அடியில் எந்த முறை என்று பாருங்கள். கடைசி செமஸ்டரில் ஒரே பாடம்தான் பாக்கி என்றால் அது நேரடி வகுப்பாகவே இருக்க வேண்டும்.

களப்பயிற்சியை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். நகராட்சிப் பொழுதுபோக்குத் துறையிலோ ஒரு விளையாட்டுக் கழகத்திலோ வேலை செய்து பார்ப்பது வகுப்பறையில் கிடைக்காத பாடம். ஆனால் வளாகத்துக்கு வெளியே தொடங்கும் முன், படிப்பின் பகுதியாக வேலை செய்ய விடும் சி.பி.டி. அனுமதி ஐ-20-இல் ஏறியிருக்க வேண்டும். பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகே அது கிடைக்கும். ஆகவே மூன்றாவது கட்டத்துக்கு முன் களப்பயிற்சி போடாதீர்கள். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தை எட்டினால், படிப்புக்குப் பின் வரும் ஓ.பி.டி. வேலை அனுமதி கிடைக்காது. கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஊரில் ஆய்வு செய்வதென்றால்

தோட்டத்தில் நேர்காணல் எடுக்க மூன்று தனித்தனி அனுமதி தேவைப்படும். உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிக்குழு முதலாவது. தமிழ்ப்பள்ளிக்குள் நுழைவதென்றால் நம் கல்வி அமைச்சின் அனுமதி. அப்புறம் தோட்ட நிர்வாகம். மேனேஜர் எழுதிக்கொடுத்த கடிதம் இல்லாமல் காவல்கொட்டகையைத் தாண்ட முடியாது. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலத்தை அப்படியே மாற்றினால் நம் அம்மாக்களுக்குப் புரியாது. முதலில் உங்கள் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள்.

கருவிகள்

கட்டுரைகளைச் சேமிக்க ஜோட்டேரோ. இலவசம், வேறொன்றும் வேண்டாம். புள்ளியியலுக்கு ஜமோவி போதும், அதுவும் இலவசம். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற கட்டண மென்பொருள் பல்கலைக்கழகம் தரும்வரை நன்றாகத்தான் இருக்கும், படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபின் அந்த விலையை யார் கட்டுவது? பாடத்திட்டக் கட்டங்களுக்கு கூகல் ஷீட்ஸ். வழிகாட்டிப் பேராசிரியரோடு அதைப் பகிர்ந்துவிட்டால் அவரே அதில் குறிப்பு எழுதுவார்.

பின்சேர்க்கை: இதைப் படித்த தங்கை ஒருவர், பாடப் பதிவுப் பக்கத்தைத் தான் திறப்பதற்குள் இடம் நிரம்பிவிட்டதே என்று கேட்டிருந்தார். நேர வித்தியாசம்தான் காரணம். இல்லினாயில் காலை 8 மணி என்றால் நமக்கு அதே நாள் இரவு 9. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிய பிறகு இரவு 10. அவர் மறுநாள் காலை உட்கார்ந்திருக்கிறார். அவர் போக இருக்கும் இடம் கிழக்குக் கரை என்பதால் ஜூலையில் வித்தியாசம் சரியாக 12 மணி நேரம். இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, எந்த செமஸ்டருக்குள் அந்தப் பாடம் ஏன் கட்டாயம் வேண்டும் என்று அன்றைக்கே பேராசிரியருக்கு எழுதுங்கள். நான்கு கட்டத் தாளையும் கூடவே இணையுங்கள்.