ஒரு மாநிலத்தின் தொழில்முறைச் சேவைகள் நிஜமாகவே வளர்ந்ததா? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் டெக்சஸ் மாதிரி ஒரு மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வக்கீல், ஆடிட்டர், இன்ஜினியர், கன்சல்டன்ட் எல்லாரும் சேர்ந்து போன வருடத்தைவிட எவ்வளவு கூடுதலாக வேலை செய்திருக்கிறார்கள்? பிஇஏ என்கிற அரசுப் புள்ளிவிவர அமைப்பு வெளியிடும் மாநிலவாரி ஜிடிபி அட்டவணையில் இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஆனால் அதைப் படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில், எந்த வரிசை என்று பாருங்கள். ‘தொழில்முறை, அறிவியல், தொழில்நுட்பச் சேவைகள்’ என்பது தொழில் வகைப்பாட்டில் 54ஆம் எண். ‘தொழில்முறை மற்றும் வணிகச் சேவைகள்’ என்பது 54, 55, 56 மூன்றும் சேர்ந்த பெரிய மூட்டை. தலைமை அலுவலகங்கள், தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சிகள், செக்யூரிட்டி, துப்புரவு, குப்பை அள்ளுவது வரை அதற்குள் வந்துவிடும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஒரு மாநிலத்துக்கு இதையும் இன்னொன்றுக்கு அதையும் எடுத்து ஒப்பிடுகிறவர்கள் உண்டு. (54க்குள் கால்நடை மருத்துவரும் இருக்கிறார் என்பது பலருக்கும் ஆச்சரியம்.)

அடுத்தது விலை. பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான். ஒரு வக்கீல் போன வருடம் 100 மணி நேரம், மணிக்கு 300 டாலர் என்று வேலை செய்தார். இந்த வருடமும் அதே 100 மணி நேரம், ஃபீஸ் மட்டும் 330. வருமானம் 10 சதவீதம் கூடியது. உற்பத்தி கூடவே இல்லை. ஆக, நடப்பு விலைத் தொகையை, அதாவது அந்தந்த வருட விலையிலேயே போட்ட கணக்கைப் பார்த்து ‘வளர்ச்சி’ என்று எழுதக் கூடாது. இதுவரை பலருக்கும் தெரியும்.

பலர் கவனிக்காதது வேறு. மாநிலத்தின் உண்மை ஜிடிபியை (விலையேற்றத்தைக் கழித்த ஜிடிபியை) கணக்கிட பிஇஏ பயன்படுத்துவது அந்த மாநிலத்தின் விலைகளை அல்ல, நாடு முழுவதற்குமான விலைகளை. ஒரு மாநிலத்தில் இன்ஜினியர்களின் ஃபீஸ் 10 சதவீதம் ஏறி, தேசிய அளவில் 4 சதவீதம்தான் ஏறியது என்று வையுங்கள். வேலையின் அளவு துளியும் மாறாவிட்டாலும் கிட்டத்தட்ட 6 சதவீதம் ‘உண்மை வளர்ச்சி’ என்று பதிவாகும். ஃபீஸ் மந்தமாக ஏறிய மாநிலத்தில் இதற்கு நேர்மாறு. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு புள்ளி வித்தியாசத்தை வைத்துக் கொள்கை விளக்கம் எழுதுகிறவர்களை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

இதைச் ‘சரிசெய்ய’ நுகர்வோர் விலைக் குறியீட்டைப் போட்டு வகுப்பது இன்னொரு தவறு. அது வீட்டு வாடகை, மளிகை, பெட்ரோல் போன்ற குடும்பச் செலவுக்கானது. கம்பெனிக்கு ஆடிட் செய்வதற்கான கட்டணம் அதோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

காலாண்டுத் தொகைகளில் ஒரு பொறி இருக்கிறது. அவை ஆண்டு வீதமாக, அதாவது அதே வேகம் வருடம் முழுக்க நீடித்தால் எவ்வளவு என்று, ஏற்றிக் காட்டப்படுபவை. நான்கு காலாண்டுகள் 50, 51, 52, 53 பில்லியன் டாலர் என்றால் வருடத் தொகை 206 அல்ல; சராசரியான 51.5. வளர்ச்சியும் அப்படித்தான்: ‘4.1 சதவீதம்’ என்று வந்தால் அந்த மூன்று மாதத்தில் கூடியது சுமார் 1 சதவீதமே. ஒரே காலாண்டைப் பிடித்துக்கொண்டு தலைப்புப் போடாதீர்கள். பின்னால் திருத்தங்கள் வரும், சில சமயம் பிளஸ் மைனஸாகவே மாறிவிடும்.

அப்புறம், உண்மை ஜிடிபி இப்போது 2017ஆம் ஆண்டுச் சங்கிலி டாலர்களில், அதாவது வருடா வருடம் நடந்த மாற்றங்களைச் சங்கிலிபோலக் கோத்து 2017ஐ அடிப்படையாக வைத்த டாலர்களில், தரப்படுகிறது. இப்படி ஒவ்வொரு தொழிலுக்கும் வரும் தொகைகளைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துவராது. இந்தத் துறையின் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டுமானால் நடப்பு டாலர் தொகையை எடுங்கள். மொத்த வளர்ச்சிக்கு அது எவ்வளவு கொடுத்தது என்பதற்கு பிஇஏயே தனி அட்டவணை தருகிறது.

வேலை நடந்த இடம்தான் கணக்கு, ஆள் குடியிருக்கும் இடம் அல்ல. மேரிலாந்தில் வசித்து வர்ஜீனியா அலுவலகத்துக்குப் போய் வருகிறவரின் உற்பத்தி வர்ஜீனியாவில் சேரும். அதனால் மாநில மக்கள்தொகையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று சொல்லும்போது கவனம் தேவை.

நீண்ட காலத் தொடர் வேண்டும் என்று 1997க்கு முந்தைய எண்களை ஒட்டவும் வேண்டாம். அந்த ஆண்டில் தொழில் வகைப்பாடே மாறிவிட்டது. பழைய ‘சேவைகள்’ தலைப்பும் இன்றைய 54ஆம் வரிசையும் ஒன்றல்ல.