மலையிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ராமேஸ்வரம் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகின்றன. இரவெல்லாம் வேன், விடிந்ததும் கடலில் முழுக்கு, தீர்த்தம், சாமி, உச்சி வெயிலில் தனுஷ்கோடிக்கு ஓர் ஓட்டம், மாலையில் மறுபடியும் வேன். தூக்கமில்லாத கண்ணோடு பார்த்த ஊர் மனத்தில் தங்குவதில்லை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய எங்கள் குடும்பங்களின் பெரியவர்கள் இந்த நாட்டில் முதலில் கால் வைத்த மண் அது. ஆகவே முதல் வேண்டுகோள்: இரண்டு இரவு தங்குங்கள்.

போக நல்ல காலம் தை, மாசி. மலையில் உறைபனி கொட்டும்போது அங்கே வெயில் இதமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடிக்கு விடமாட்டார்கள். பள்ளி விடுமுறையை நம்பிச் சித்திரையில் போனால் குளிருக்குப் பழகிய நம் உடம்பு தாங்காது. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் திதி கொடுக்க வருகிறவர்களின் நாட்கள். அந்த வேலை இல்லாதவர்கள் விலகி நிற்பதே நல்லது, அறையும் கிடைக்காது.

வேன் பிடிக்க வசதியில்லை என்றால் பஸ்ஸிலேயே சுகமாகப் போகலாம். கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் மலையிறங்கி, கோவையில் மேட்டுப்பாளையம் சாலை நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் சிங்காநல்லூர் போய்விடுங்கள். மதுரை பஸ்கள் அங்கேதான். மதுரையில் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடுவார்கள். ராமேஸ்வரம் பஸ் மாட்டுத்தாவணியில் நிற்கும். இரண்டுக்கும் இடையே ஊரின் குறுக்கே போக வேண்டும் என்பதை மூட்டை கட்டும்போதே நினைவில் வையுங்கள். மதுரையில் நேரம் ஒத்துவந்தால் பஸ்ஸை விட்டு ரயிலில் ஏறுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் மீது கடலைக் கடக்கும் சில நிமிடங்களுக்காகவே அதைச் சொல்கிறேன். கப்பல் வந்தால் நடுவில் உள்ள இரும்புப் பகுதி நேராக மேலே தூக்கிக்கொள்ளும். அதற்கு முன் ரயில் போனது 1914இல் திறந்த பழைய பாலத்தில். அதன் நடுப்பகுதி இரு கதவுகளாகப் பிரிந்து எழும் அமைப்பாக இருந்தது.

தங்குவதற்குக் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளிலும் சன்னதித் தெருவிலும் விடுதிகள் நிறைய உண்டு. கோயில் தேவஸ்தானத்துக்கும் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு கடற்கரையிலேயே இருக்கிறது. வயதானவர்கள் கூட வந்தால் கிழக்குக் கோபுரத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தரைத்தள அறை கேளுங்கள். ஈரத் துணியோடு திரும்பி வந்து மாடிப்படி ஏறுவது அவர்களுக்குப் பெரும் பாடு. குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிக்கத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயிலை விடியற்காலையில் பார்த்துவிட வேண்டும். ஸ்படிக லிங்க தரிசனம் ஐந்து மணியளவில். அதைப் பார்க்க நினைத்தால் முந்திய நாளே ஊர் வந்து தூங்கியிருக்க வேண்டும். பிறகு அக்னி தீர்த்தம் என்று சொல்லும் கடலில் முழுகி, கோயிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தங்களுக்கும் வரிசையாகப் போங்கள். டிக்கெட் கவுன்டரில் வாங்குங்கள், வழியில் வந்து பேரம் பேசுகிறவர்களிடம் வேண்டாம். வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். ஒரு கிணற்று நீரும் மற்றொன்றும் ஒரே சுவையில் இருக்காது, உதட்டில் வடிவதைக் கவனித்துப் பாருங்கள். தரை முழுக்க ஈரம், வழுக்கும். பெரியவர்களின் கையை விடாதீர்கள். சேலை கட்டுகிறவர்கள் மெல்லிய பருத்திச் சேலையாக எடுத்துச் செல்லுங்கள், சீக்கிரம் உலரும். ஈரத் துணியோடு கருவறைப் பக்கம் விடமாட்டார்கள். மாற்றுத்துணிப் பை யாராவது ஒருவர் கையில் இருக்கட்டும். கைபேசி உள்ளே கூடாது, அறையிலேயே வைத்துவிடுங்கள். முதலில் அனுமன் கொண்டுவந்த விசுவநாதர், பிறகு ராமநாதர் என்பது வழக்கம்.

தரிசனம் முடிந்ததும் உடனே வெளியே ஓடிவிடாதீர்கள். மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள். அதன் ஒரு மூலையில் நின்று எதிர் மூலையைப் பார்த்தால் தூண்கள் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகிவிடும். சேதுபதி மன்னர்கள் காலத்தில் கட்டியது. உலகத்தில் இப்படி ஒரு நடை எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. நடுப்பகலில் நடை சாத்தும்வரை அந்தக் குளிர்ந்த கல்லில் மெதுவாக நடங்கள்.

சாப்பாட்டுக்குக் கோயிலைச் சுற்றிச் சைவ உணவகங்கள்தான். வடநாட்டு யாத்திரிகர்கள் அதிகம் என்பதால் சப்பாத்தி, பருப்பு எங்கும் கிடைக்கும். காலையில் இட்லிக்கும் குறைவில்லை. மீனுக்கு மனம் போனால் கோயில் காரியங்களை முடித்துவிட்டுப் பாம்பன், தங்கச்சிமடம் பக்கமோ தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளுக்கோ போங்கள். ஐஸ் பெட்டியில் மலையேறி வரும் மீனையே தின்று பழகிய நமக்கு அன்று பிடித்த சங்கராவின் ருசி வேறு. கண்ணெதிரே மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள். மீனைக் காட்டி விலை பேசிவிட்டு அடுப்பில் போடச் சொல்லுங்கள். கணவாய், நண்டு இருந்தால் விடாதீர்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறும். தையில் போனால் பனங்கிழங்கு வாங்குங்கள். சித்திரையில் நுங்கு.

தனுஷ்கோடிக்கு இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்புவதே என் முறை. பொழுது சாய்ந்ததும் காவலர்கள் திரும்பச் சொல்வார்கள். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, 2017 முதல் வாகனத்திலேயே போகலாம். வழியில் கோதண்டராமர் கோயில். பனிக்காலத்தில் அதைச் சுற்றிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடி ஊரையும், பாம்பனிலிருந்து வந்த ரயிலையும், அதில் இருந்த மக்களையும் கொண்டுபோயிற்று. இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையச் சுவர்களையும் பின்னணியாக வைத்துக் கூச்சலிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்க்கையில் எனக்கு மனம் வலிக்கிறது. அங்கே கொஞ்சம் அமைதியாக நடங்கள். முனையில் ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல் என்பார்கள். ஆண் கடல் சீறும். இரண்டிலும் இறங்க வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது. கைபேசி சில சமயம் இலங்கை அலைவரிசையைப் பிடிக்கும். ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

அப்துல் கலாமின் வீடு பள்ளிவாசல் தெருவில் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பேய்க்கரும்பில் உள்ள அவருடைய நினைவிடம் ஊருக்குள் வரும் சாலையிலேயே. ராமர் பாதம் மேட்டில் ஏறினால் தீவு முழுவதும் தெரியும். மூன்றையும் ஓர் ஆட்டோவில் ஒரே காலைப்பொழுதில் முடிக்கலாம்.

தாத்தா, அம்மாச்சி உடன் இருந்தால் ஒரு மாலைப்பொழுதை அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் வந்தவர்கள் அவர்கள். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்துதான் நீலகிரித் தேயிலைக்கு வந்தார்கள். கோயிலுக்கு வடக்கே கடலோரம் அழைத்துப் போய் உட்காரவையுங்கள். எங்கே இறங்கினோம், கையில் என்ன பெட்டி இருந்தது, யாரை அங்கேயே விட்டு வந்தோம் என்று அவர்களாகவே சொல்லத் தொடங்குவார்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள், முடிந்தால் ஒலிப்பதிவு செய்யுங்கள். அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் சிலர்தான். மண்டபம் முகாமுக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. இலங்கை அகதிகள் வாழும் இடம் அது. சாலையிலிருந்து காட்டினால் போதும்.

திரும்பும் நாளில் தங்கச்சிமடம் பக்கம் பனை ஓலைப் பெட்டிகள் கிடைத்தால் வாங்கலாம். கருவாடு வாங்கினால் மூன்று உறை போட்டு இறுகக் கட்டச் சொல்லுங்கள். மதுரையில் பஸ் மாறும்போது பை நிழலில் இருக்கட்டும். கோவையில் இருட்டிவிட்டால் மலைக்கு பஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், இல்லையென்றால் மேட்டுப்பாளையத்தில் தங்கி விடியலில் ஏறலாம். ஸ்வெட்டரைப் பையின் மேலாக வைத்துக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் அரவேனு தாண்டியதும் தேவைப்படும்.