பழைய காரில் ஐடில் ஏறி இறங்கினால்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் டொயோட்டா டாஸும் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபும் இன்னும் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. டாஸ் உற்பத்தி 2006இல் நின்றது, சிட்டி கோல்ஃப் 2009இல். எஞ்சினின் காற்றுப் பாதையில் இடையில் யாரும் மாற்றாத ரப்பர் குழாய் எதுவானாலும் பதினைந்து வயதைத் தாண்டியிருக்கும். ரோபோட்டில் (சிக்னலில்) நிற்கும்போது ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் வேகம் (ஆர்பிஎம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஏறி இறங்கினால் முதல் சந்தேகம் அந்தக் குழாய்கள் மேல்தான்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஏசியையும் விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். சூடான எஞ்சின் பெரும்பாலும் 750 முதல் 900க்குள் நிற்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் காற்றுக் கோளாறு. தாளமில்லாமல் திக்கித் திக்கி இடறினால் ஸ்பார்க் அல்லது பெட்ரோல். இந்த வித்தியாசம் பிடிபட்டாலே பாதித் தேடல் குறையும்.

கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டியில் ஊஞ்சல் ஏன் வருகிறது? அளவுக்கு மீறிக் காற்று உள்ளே போவதால் ஐடில் 1500க்கு மேல் ஏறுகிறது. ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை. வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்துகிறது. ஆர்பிஎம் விழுந்ததும் மறுபடி கொடுக்கிறது. மறுபடி ஏறுகிறது.

எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டரில் தண்ணீர் அளவைப் பாருங்கள். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளவிடும் பகுதி) வழியாகச் சூடான தண்ணீர் ஓடும். அளவு குறைந்து உள்ளே காற்று அடைத்தால், எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதுபோல அங்குள்ள காற்று வால்வ் திறந்தே நிற்கும், ஐடில் ஏறும். தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றினாலே சரியாகிவிடுவதும் உண்டு.

அடுத்து குழாய்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாகவே தெரியும். முனை செருகியிருக்கும் இடத்தில் விரலால் வளைத்துப் பாருங்கள்: மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். கடற்காற்றும் பானட்டுக்குள் உள்ள சூடும் சேர்ந்து அந்த இடத்தைத்தான் முதலில் கெடுக்கின்றன. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு குழாயையும் துணி சுற்றிய இடுக்கியால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஊஞ்சல் நிற்கிறதோ, அந்தக் குழாய் அல்லது அதன் மறுமுனையில் உள்ள பொருள் காற்றை ஒழுகவிடுகிறது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆர்பிஎம் மாறினால் பிரேக் சர்வோ (பிரேக்கை இலகுவாக்கும் வேக்யூம் டப்பா). மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) கேஸ்கெட்டைச் சோதிக்க ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் போதும்: தெளித்ததும் ஆர்பிஎம் மாறினால் அங்கேதான் ஒழுகல். கார்ப் கிளீனரைச் சூடான எஞ்சின்மேல் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

ஒழுகல் இல்லையென்றால் ஐடிலுக்கு வேண்டிய காற்றை அளந்து விடும் ஐடில் கண்ட்ரோல் வால்வ். பேட்டரியைக் கழற்றுமுன் ரேடியோவை மறுபடி இயக்கும் ரேடியோ கோட் கையில் இருக்கட்டும். வால்வைக் கழற்றி, கரி போகக் கழுவி, புது கேஸ்கெட்டோடு பொருத்துங்கள். பிறகு பத்து நிமிடம் எந்த லோடும் இல்லாமல் ஐடிலில் விட்டால் கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்ளும். த்ராட்டில் மூடி நிற்கும் இடத்தைக் குறிக்கும் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். அதைத் திருப்பினால் கோளாறு மறையும், போகாது.

திக்குகிற எஞ்சினுக்கு பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. இருட்டில் பானட்டைத் திறந்தால் கசியும் வயரில் நீலப் பொறி தெரியும்.

கார்புரேட்டர் வண்டியானால் இக்னிஷன் போட்டதும் ஐடில் சொலினாய்டில் (ஐடிலுக்கான பெட்ரோலைத் திறந்துவிடும் மின் வால்வில்) 'டிக்' கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் அதன் வயரைப் பாருங்கள். ஜோஹன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். அங்கே ட்யூன் செய்த வண்டி டர்பனுக்கு இறங்கினால், காற்று அடர்ந்து பெட்ரோல் விகிதம் குறைந்து ஊஞ்சலாடும். பெட்ரோல் விகிதத்தை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து கால் கால் சுற்றாக மாற்றுங்கள். எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சலை அளக்கும் வேக்யூம் மீட்டரிலும் இதே உயரக் கணக்குதான்: டர்பனில் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்தில் அசையாமல் நின்றால் நல்லது, அதே எஞ்சின் ஜோஹன்னஸ்பர்க்கில் ஐந்தாறு அங்குலம் குறைத்தே காட்டும்.